மனதுக்குள் ஒத்திகையும் ‘முடியும்’ என்ற நம்பிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூவீலர் லைசென்ஸுக்கு எட்டு போடுவது, டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுவது, உடம்பில் ஐந்து கிலோ குறைப்பது, மேடையேறி நாலு வார்த்தை பேசுவது என்று கைக்கு எட்டும் இலக்குகளை வைத்தே கீழே பதில் சொல்லியிருக்கிறோம். பிரபஞ்சத்திடம் கோரிக்கை மனு கொடுக்கும் முறை இங்கே கிடைக்காது.

விஷுவலைசேஷன் என்பது பகல் கனவுதானே? பெயர்தான் வேறா?

பகல் கனவு எப்போதும் கடைசி ரீலில்தான் தொடங்கும். நியமன ஆணை கையில் இருக்கும், அம்மா தெருவெல்லாம் ஸ்வீட் கொடுப்பார், எதிர்வீட்டுக்காரர் வந்து கை குலுக்குவார். நடுவில் படிக்க வேண்டிய எட்டு மாதத்தைக் காணவே காணோம். மன ஒத்திகையில் அந்த எட்டு மாதத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்கிறோம். நாளை இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை என்று வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை, எந்த நாற்காலி, எந்தப் புத்தகம், போன் எங்கே என்பது வரைக்கும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறோம்.

இரண்டுக்கும் விளைவு வேறு. லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. தேர்வுக்கு முந்தைய வாரம், மாணவர்களுக்குத் தினமும் ஐந்து நிமிட வேலை. ஒரு குழு நல்ல மதிப்பெண் வந்துவிட்டதாக நினைத்துப் பார்த்தது. இன்னொரு குழு மேசையில் உட்காருவதை, பாடத்தைத் திறப்பதை, குறிப்பெடுப்பதை நினைத்துப் பார்த்தது. படிக்கும் வேலையை நினைத்தவர்கள் சீக்கிரமே படிக்க ஆரம்பித்தார்கள், பதற்றம் குறைந்தது, மதிப்பெண்ணும் கூடியது. மதிப்பெண்ணையே நினைத்தவர்கள் படித்த நேரம் குறைந்துபோனது.

அடைந்துவிட்டதாகவே உணர்ந்தால் அது நம்மைத் தேடி வரும் என்கிறார்களே?

வராது. பல நேரம் அது எதிர்த்திசையில் இழுக்கும்.

ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேலே ஓட்டிங்கன் இதை முப்பது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார். 1991-இல் தாமஸ் வாடனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கப்பட்டன. ஒன்று, ‘உங்களால் எடை குறைக்க முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்?’ மற்றொன்று, மெலிந்த பிறகு தோழியைச் சந்திப்பது போன்ற காட்சிகளை அவர்கள் மனதில் எப்படி விரிக்கிறார்கள் என்பது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முடியும் என்று நம்பியவர்கள் நம்பாதவர்களைவிடச் சுமார் 12 கிலோ அதிகம் குறைத்திருந்தார்கள். ஆனால் இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே குறைத்திருந்தார்கள்.

நம்பிக்கை உதவியது, கற்பனை கெடுத்தது. தன்னம்பிக்கைக் கூட்டங்களில் இரண்டையும் ஒரே குடத்தில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். நம்பிக்கை என்பது பழைய அனுபவத்தைக் கணக்குப் பார்த்து வரும் மதிப்பீடு. இனிப்பான கற்பனைக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. காரணமும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது: ஹெதர் காப்பஸும் ஓட்டிங்கனும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், இப்படிப்பட்ட கற்பனைக்குப் பிறகு மேல் ரத்த அழுத்தம் இறங்கியது. வேலைக்கு எழ வேண்டிய உடம்பு, வேலை முடிந்துவிட்டது என்று சாய்ந்துகொள்கிறது.

கற்பனையே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. மனசு விட்டுப்போன நாளில் ஒரு நிமிடம் இனிப்பாக நினைத்துக்கொள்வதில் தப்பில்லை. அதை ‘பயிற்சி’ என்று கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, ஒத்திகையை எப்படிச் செய்வது? ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

எட்டு போடுவதையே எடுத்துக்கொள்வோம். ஆர்டிஓ மைதானத்தில் பைக்கில் எட்டு வடிவத்தில் சுற்றி வர வேண்டும், காலை ஊன்றினால் போச்சு. தெருவில் நன்றாக ஓட்டுகிறவர்களே இதில் தடுமாறுவார்கள். நாலு பேர் வரிசையில் நின்று பார்க்கிறார்கள் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

படுத்துக்கொண்டு ஒத்திகை பார்க்காதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல் வையுங்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டாலும் நல்லதுதான், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். விளையாட்டு உளவியலில் பால் ஹோம்ஸ், டேவ் காலின்ஸ் இருவரும் 2001-இல் தொகுத்த முறையின் சாரமே இதுதான்: உடல் நிலை, இடம், வேகம், உணர்ச்சி எல்லாம் நிஜத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பலன்.

பிறகு காட்சியை வரிசையாக ஓட்டுங்கள். பெயர் கூப்பிடுகிறார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டுக்கு வருகிறீர்கள். முதல் கியர். க்ளட்சைப் பாதி விடும்போது வண்டி லேசாக இழுப்பது உள்ளங்கையில் தெரிகிறது. ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கை லேசாக மிதித்துக் கட்டுப்படுத்துகிறீர்கள். முதல் வளைவு. பார்வை முன் சக்கரத்தில் இல்லை, வளைவு முடியும் இடத்தில் இருக்கிறது. நடுவில் கோடுகள் குறுக்கிடும் இடத்தில் தலையை அடுத்த வளைவின் பக்கம் திருப்புகிறீர்கள். உடம்பு சாயும் பக்கம் மாறுகிறது. இரண்டாவது வளைவு. வெளியே வருகிறீர்கள். வண்டி நின்ற பிறகுதான் கால் தரையைத் தொடுகிறது.

இதில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு, படத்தை வேகமாக ஓட்டிவிடுவது. ஸ்டாப்வாட்சை வைத்துப் பாருங்கள். மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 25 விநாடி ஆகிறது என்றால் மனதிலும் ஏறக்குறைய 25 விநாடி ஆக வேண்டும். எட்டு விநாடியில் முடிந்துவிட்டால், க்ளட்சும் பிரேக்கும் உள்ள கஷ்டமான இடங்களைத் தாவிவிட்டீர்கள் என்று அர்த்தம். தாவிய இடம் எதுவென்று கண்டுபிடியுங்கள். நிஜத்திலும் பெரும்பாலும் அங்கேதான் கால் ஊன்றும்.

படத்தில் கீழே விழுந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, விழுவதற்கு இரண்டு விநாடி முன்பிருந்து மெதுவாகத் திரும்ப ஓட்டுங்கள். மறுபடி மறுபடி அதே இடத்தில் விழுந்தால் உட்கார்ந்து நினைப்பதை விடுங்கள். உங்களுக்கு அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, வண்டியில் ஏறிச் செய்து பார்க்க வேண்டிய விஷயம் அது.

இந்த முறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய ஆள் இருக்கிறார். திருநின்றவூர்ப் பூசலார் நாயனார். கோயில் கட்டப் பணம் கிடைக்காமல் மனதுக்குள்ளேயே கட்டியவர். அவர் கோபுரத்தை நினைத்து உருகிவிட்டு எழுந்து போகவில்லை. முதலில் பொருள் தேடினார், தச்சர்களைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். மேலே எழுப்பி, சுதை வேலை முடித்து, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளமும் வெட்டிய பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். பல்லவ மன்னன் கல்லால் கட்டிய கோயிலைவிட அந்தக் கோயில்தான் முந்திக்கொண்டது என்பது கதை. பக்தியை பக்தர்களுக்கு விட்டுவிடுவோம். வேலையை வரிசை மாறாமல் மனதில் செய்தார் பாருங்கள், நமக்கு வேண்டியது அது.

எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். 1994-இல் ஜேம்ஸ் டிரிஸ்கெல் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், மொத்தம் இருபது நிமிடம் வாக்கில் பலன் அதிகமாக இருந்தது. அதற்கு மேல் நீட்டினால் கவனம் சிதறி, பலனும் குறைந்தது. ஒத்திகை பார்த்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தால் கிடைத்ததில் பாதி போய்விடும் என்பதும் அதே தொகுப்பில் தெரிந்தது. அதனால் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு ஒரே நாள் ஒரு மணி நேரம் செய்வதைவிட, கடைசிப் பத்து நாள் தினமும் ஐந்து நிமிடம் மேல்.

நேரத்தைப் பொறுத்தவரை, நிஜப் பயிற்சிக்குச் சற்று முன்பும் பின்பும் செய்தால் நல்லது. இரவு படுக்கையில் செய்தால் தூக்கம் வரும். தூக்கம் வருவது நல்ல விஷயம்தான், ஆனால் ஒத்திகை பாதியில் நிற்கும்.

ஒத்திகை பார்த்தால் நிஜப் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாமா?

ஆல்வரோ பாஸ்குவல் லியோன் 1995-இல் வெளியிட்ட பியானோ ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்று கொடுக்கப்பட்டது, தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு குழு கட்டையைத் தொட்டு வாசித்தது. இன்னொரு குழு கையை அசைக்காமல் மனதில் மட்டும் வாசித்தது. இரண்டு குழுவுக்கும் மூளையில் விரலை இயக்கும் பகுதி ஒரே மாதிரி விரிந்திருந்தது. இந்த வரியோடு நிறுத்திவிட்டு ‘மூளைக்கு நிஜமும் கற்பனையும் ஒன்றே’ என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு.

மிச்சத்தையும் படிக்க வேண்டும். ஐந்தாம் நாள் முடிவில், மனதில் வாசித்தவர்களின் திறமை மற்றவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய அளவில்தான் இருந்தது. ஆனால் அவர்களும் ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம், கட்டையில் கை வைத்து வாசித்ததும் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். ஆக, ஒத்திகை நிஜப் பயிற்சிக்கு ஈடாகாது, அதன் வேகத்தைக் கூட்டும். கால் சுளுக்கிய வாரம், பஸ் பயணம், மழையில் மைதானம் மூடிய நாள் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை. மற்ற நாட்களில் பயிற்சிக்கு மேல் ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடினால் எனக்கு இருட்டுதான் தெரிகிறது. படமே வருவதில்லை.

சிலருக்கு இயல்பே அப்படி. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஜீமன் 2015-இல் இதற்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயர் வைத்தார். நோய் கிடையாது. படத்துக்குப் பதிலாக வார்த்தையும் உடலசைவும் போதும். ‘இப்போது க்ளட்ச் பாதி, இப்போது தலை இடது பக்கம்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கையையும் தோளையும் லேசாக அசையுங்கள். படிகளைத் தாளில் எழுதி விரலால் தொட்டுக்கொண்டே போவதும் வேலைக்கு ஆகும்.

என் கண் வழியாகப் பார்க்க வேண்டுமா, சினிமா போல வெளியிலிருந்தா?

கை வேலை, வண்டி, விளையாட்டு என்றால் பெரும்பாலும் உங்கள் கண் வழியாக. ஜிம்னாஸ்டிக்ஸ், பரதம் மாதிரி உடம்பின் வடிவம் முக்கியமான வேலைக்கு வெளியிலிருந்து பார்ப்பதும் உதவும்.

‘செய்வேனா மாட்டேனா’ என்று தள்ளிப்போடும் வேலைக்கும் வெளிப்பார்வை நல்லது. 2004 அமெரிக்கத் தேர்தலுக்கு முந்தைய நாள், ஒஹையோவில் லிசா லிபி குழுவினர் மாணவர்களைத் தாங்கள் ஓட்டுப் போடுவதை மனதில் பார்க்கச் சொன்னார்கள். தங்களையே வெளியிலிருந்து பார்த்தவர்களில் 90 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள். தங்கள் கண் வழியாகப் பார்த்தவர்களில் 72 சதவீதம். ‘நான் இப்படிப்பட்ட ஆள்’ என்ற எண்ணம் வெளியிலிருந்து பார்க்கும்போது அழுத்தமாகப் பதிகிறது.

தடங்கலையும் நினைக்க வேண்டுமா? ‘அபசகுனமாக நினைக்காதே’ என்கிறார்களே வீட்டில்.

வீட்டில் சொல்வது பாசத்தில். ஆனால் தடங்கலை நினைக்காத ஒத்திகை பாதி ஒத்திகைதான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. கடைசியில் சுவரே தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். தங்கம், 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனை. பயிற்சியாளர் பாப் போமன் சிறு வயதிலிருந்தே அவரை மனதில் ‘வீடியோ’ ஓட்டச் சொல்லி வந்தவர். எல்லாம் தப்பாகப் போகும் பந்தயமும் அந்த வீடியோக்களில் உண்டு.

அதே பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, போட்டிக்கு முன் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஒலிம்பிக் அரங்கைப் போல ஆக்கி அதில் சுட்டுப் பழகினார். மண்டபத்தில் பந்தி நடக்காமல் துப்பாக்கி சுட்டதை அக்கம்பக்கம் எப்படி எடுத்துக்கொண்டதோ! கடைசிக் குண்டுக்கு முன் ஃபின்லாந்து வீரரும் அவரும் சமம். கடைசிக் குண்டில் பிந்த்ரா எடுத்தது 10.8.

உங்கள் அளவில் செய்ய வேண்டியது, நடக்க வாய்ப்புள்ள இரண்டு மூன்று தடங்கலைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதோடு சேர்த்துப் பார்ப்பது. தடங்கலைப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்தினால் அது கவலை. அடுத்த செயல் வரை ஓட்டினால்தான் ஒத்திகை. ‘நான் செத்தேன்’ என்று முடியும் படங்களை ஓட்டாதீர்கள்.

இதைத் தாளில் எழுத ஒரு முறை இருக்கிறதாமே?

இருக்கிறது. ஓட்டிங்கன் நாலு படியாகச் சொல்கிறார்: விருப்பம், கிடைத்தால் என்ன பலன், உள்ளே தடுப்பது எது, திட்டம். ஐந்து நிமிட வேலை. குரூப் 4-க்குப் படிக்கும், கடையில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம்.

விருப்பம்: இந்த வாரம் ஐந்து இரவு, தினம் ஒரு மணி நேரம் பொதுத்தமிழ். பலன்: 200 கேள்வியில் தமிழ் மட்டும் 100, அந்தப் பகுதி கைக்குள் வரும். தடுப்பது: சாப்பிட்டதும் போனை எடுத்தால் பத்தரை ஆகிவிடுகிறது. திட்டம்: ‘சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், போனை அம்மா ரூமில் சார்ஜில் போட்டுவிட்டு, வாசல் பக்க மேசையில் உட்காருவேன்.’

எல்லா எடையும் கடைசி வரியில்தான் இருக்கிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் கண்டது இது: ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று ஒரு நிகழ்ச்சியோடு செயலை முடிச்சுப் போட்டால், செயல் தானாகக் கிளம்புகிறது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த முடிச்சின் பலன் நடுத்தரத்துக்கும் மேலாகவே இருந்தது. தமிழில் இதற்கு ‘-தும்’ என்ற விகுதியே போதுமானது: கழுவியதும், இறங்கியதும், கதவைப் பூட்டியதும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முடிச்சுப் போடும் நிகழ்ச்சி மங்கலாக இருப்பது முதலாவது. ‘ஃப்ரீயானதும் படிப்பேன்’ என்றால் ஃப்ரீயாக ஆகவே மாட்டீர்கள். தடையாக வெளியாளை எழுதுவது அடுத்தது. ‘மேனேஜர் விடமாட்டார்’ என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு உங்களிடம் ஸ்விட்ச் இல்லை. நீங்கள் செய்வதை, நினைப்பதை எழுதுங்கள். மூன்றாவது, ஒரே நாளில் ஏழு திட்டம் எழுதுவது. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

தன்னம்பிக்கை எப்படி வளரும்? சிலருக்குப் பிறவியிலேயே வருமா?

பொத்தாம்பொதுவான ‘தன்னம்பிக்கை’யை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். கனடாவில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்தது வேறு: குறிப்பிட்ட ஒரு வேலையை, குறிப்பிட்ட சூழ்நிலையில் என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. ஐம்பது பேருக்கு பிரியாணி போட அஞ்சாதவர் ஆங்கிலத்தில் ஒரு போன் பேசப் பயப்படலாம். அவருக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா, இல்லையா? கேள்வியே தப்பு.

இந்த நம்பிக்கைக்கு நாலு ஊற்று என்றார் பண்டூரா. தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பகமானவர் சொல்லும் சொல், உடம்பு காட்டும் அறிகுறிகளை எப்படி அர்த்தப்படுத்திக்கொள்கிறோம் என்பது. முதல் ஊற்றில்தான் தண்ணீர் அதிகம். பாம்பென்றால் நடுங்குகிறவர்களுக்கு அவரும் சகாக்களும் 1960-களின் இறுதியில் கொடுத்த பயிற்சியில் பேச்சு குறைவு. முதலில் ஒருவர் பாம்பைக் கையாளுவதைத் தள்ளி நின்று பார்ப்பது, பிறகு நெருங்குவது, கையுறையோடு தொடுவது, வெறுங்கையால் தொடுவது. ஒவ்வொரு படியும் முடிந்த பிறகே அடுத்தது.

மேடைப் பயத்துக்கு இதே ஏணியைப் போடலாம். அறையில் தனியாக இரண்டு நிமிடம் பேசிப் போனில் பதிவு செய்வது. அதைத் தம்பிக்குப் போட்டுக் காட்டுவது. வீட்டில் மூன்று பேர் முன் நின்றபடி பேசுவது. அலுவலக மீட்டிங்கில் ஒரு கேள்வி மட்டும் கேட்பது. நண்பர் கல்யாணத்தில் மைக் பிடித்து ஒரு நிமிடம் வாழ்த்துவது. சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம்.

ஒவ்வொரு படிக்கும் எதிரே, ‘இதை இந்த வாரமே செய்ய முடியும்’ என்பதற்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 70, 80 வரும் படியில் தொடங்குங்கள். 95 வருவதில் தொடங்கினால் ஜெயித்தும் ஒன்றும் ஏறாது. 30 வருவதில் தொடங்கினால் ஒரே சறுக்கலில் ‘நமக்கு வராது’ என்று முத்திரை விழும். ஒரு படி முடிந்ததும் எல்லாப் படிக்கும் மதிப்பெண்ணைத் திருத்துங்கள். நாலாவது படி முடியும்போது ஆறாவதின் எண் தானாக ஏறியிருப்பதைப் பார்க்கலாம்.

முன்மாதிரி விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. ஐஏஎஸ் டாப்பரின் பேட்டியைவிட, உங்களோடு ஒரே தெருவில் டியூஷன் படித்து, ஒரு தடவை ஃபெயிலாகி, இரண்டாவது தடவை தேறிய அக்காவோடு அரை மணி நேரம் பேசுவது மதிப்பு. என்ன மார்க் என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் தடவை எங்கே கோட்டை விட்டார், பிறகு எதை மாற்றினார் என்று கேளுங்கள்.

கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றியாளன்’ என்று சொன்னால்?

ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கலாம். தாழ்வாக நினைப்பவருக்கு அது வேறு மாதிரி வேலை செய்கிறது. கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட சோதனையில், ‘நான் நேசத்துக்கு உரியவன்’ என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, தன்மதிப்பு குறைந்தவர்களின் மனநிலை இன்னும் இறங்கியது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கும் வக்கீல் ‘எங்கே, ஆதாரம் காட்டு’ என்று எழுந்து நிற்கிறார்.

வக்கீல் மறுக்க முடியாததைச் சொல்லுங்கள். ‘போன வாரம் ஐந்து நாளில் நாலு நாள் உட்கார்ந்தேன்.’

தேர்வறையில் கை நடுங்கினால்? அப்போது ஒத்திகையெல்லாம் மறந்துவிடுகிறது.

நடுக்கத்தை அடக்கப் பார்க்காதீர்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பாடுவதற்கும் பேசுவதற்கும் முன்னால் தங்களிடம் ‘அமைதியாக இரு’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்புக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் நடப்பது ஏறக்குறைய ஒன்று. பெயரை மாற்றுவது சுலபம், இதயத் துடிப்பைக் குறைப்பது கஷ்டம்.

முதல் மூன்று நிமிடத்தைத் தனியாக ஒத்திகை பார்த்து வையுங்கள்: ஓஎம்ஆர் தாள் வருகிறது, பதிவெண்ணைச் சரிபார்க்கிறேன், பேனாவை எழுதிப் பார்க்கிறேன், முதல் பக்கத்தில் நிச்சயமாகத் தெரிந்த மூன்று கேள்வியைத் தேடி முடிக்கிறேன். குரூப் 4-இல் மூன்று மணி நேரத்துக்கு 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. ஒரு கேள்வியில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். கேள்வி எண்ணைச் சுழித்துவிட்டு நகருவது என்றால், அப்படி நகரும்போது வரும் வயிற்றுப் பிசைவையும் சேர்த்தே ஒத்திகை பாருங்கள். விட்டுவிட்டுப் போகும் கேள்விக்கு ஓஎம்ஆரிலும் அந்த வரியைக் காலியாக விட்டு அடுத்த வரிக்குப் போவதை மறக்க வேண்டாம். பதற்றத்தில் அதுதான் ஒன்றுக்கொன்று மாறிப்போகும்.

ஆசைப்படுவதன் படங்களைச் சேர்த்து ‘விஷன் போர்டு’ என்று சுவரில் ஒட்டலாமா?

ஒட்டுங்கள். பங்களா படத்துக்குப் பக்கத்தில் இந்த மாத வேலை அட்டவணையையும் ஒட்டுங்கள். சுவரில் இடம் ஒன்றுக்குத்தான் என்றால் அட்டவணைக்குக் கொடுங்கள்.

இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர் மற்ற எல்லோரையும்விடப் பணக்காரர் ஆனார்களாமே? 21 நாளில் பழக்கம் வந்துவிடுமா?

முதலாவது, 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஆய்வு. அப்படி ஒரு ஆய்வு நடக்கவே இல்லை. மேடைக்கு மேடை தாவி வந்த கதை. எழுதி வைப்பதில் பலன் உண்டுதான், ஆனால் அதற்கு இந்தச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவதும் ஆதாரமில்லாதது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணிப்பு விரிந்தது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாகக் கெடவும் இல்லை. 22-ஆம் நாள் இன்னும் சிரமமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

எவ்வளவு நாளில் முடியும் என்று எப்படிக் கணிப்பது?

மனக்காட்சி இங்கே நம்மை ஏமாற்றும். ரோஜர் பூலர் குழுவினரின் 1994 ஆய்வில், மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள், 55 நாளுக்கு மேல் ஆனது. சொன்ன தேதியில் முடித்தவர்கள் சுமார் 30 சதவீதம். மனதில் ஓட்டும் படத்தில் காய்ச்சலும் வராது, உறவினர் கல்யாணமும் வராது. அதனால் தேதியைப் படத்திலிருந்து எடுக்காதீர்கள். போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பழைய காலண்டரைப் பாருங்கள்.

கற்பனையில் இருப்பதுதான் நன்றாக இருக்கிறது, வெளியே வரவே பிடிக்கவில்லை என்றால்?

மணிக்கணக்கில் அதிலேயே போய், தூக்கமும் வேலையும் சாப்பாடும் கெடுகிறது, அல்லது வாரக்கணக்கில் எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் இது ஒத்திகை முறையால் சரியாகும் விஷயமில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

இரண்டு வாரம் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. எங்கே தப்பு?

முதலில் ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்: தேதி, ஒத்திகை எத்தனை நிமிடம், அன்றைக்கு நிஜத்தில் செய்தது என்ன. மூன்றாவது பத்தியில் எண் இருக்க வேண்டும்: எத்தனை சுற்று, எத்தனை கேள்வி, எத்தனை நிமிட நடை. ‘நன்றாகப் போனது’ என்று எழுதினால் பிறகு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது பத்தி நிரம்பி மூன்றாவது காலியாக இருந்தால், ஒத்திகை உங்களுக்கு வேலையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் ஒத்திகையை நிறுத்திவிட்டு, ‘-தும்’ வாக்கியம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிரம்பி எண் மட்டும் ஏறவில்லை என்றால், தப்பான முறையையே பழகிக்கொண்டிருக்கலாம். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எட்டில் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறவருக்கு, தான் அப்படிப் பார்ப்பது தெரியவே தெரியாது. இரண்டு பத்தியும் காலி என்றால், முதல் படி உயரமாகிவிட்டது. ஒரு மணி நேரத்தைப் பதினைந்து நிமிடமாக்கி, அடுத்த திங்கட்கிழமை புதுப் பக்கத்தில் தேதி போடுங்கள்.